பத்தடி வண்டி

பழைய நாணயத்திற்கு மதிப்பு உண்டு. பழைய ஓலைச்சுவடிக்கும் செப்பேட்டிற்கும் மதிப்பு உண்டு. பழைய மோட்டார் காருக்கு மதிப்பு உண்டா என்று கேட்டால், “உண்டு, பழைய இரும்புக் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள்” என்று சிரித்துக்கொண்டே விடை சொல்வோர் பலர். அவ்விடை பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தவும் செய்யும். கார் என்பது ஓடிப் பயன் தரும் பொருள். ஓட்டம் நின்றால் அதன் வாழ்வும் முடிந்தது என்பதே உலக வழக்கு. ஆயினும், 500 பவுனுக்கும் குறைந்த விலையில், சாதாரணக் குடும்பங்களுக்கென்று செய்யப்பட்ட ஒரு சிறிய கார், 53 ஆண்டுகள் கழித்து, புதுப்பிக்கப்படாத நிலையிலேயே 40,000 பவுனுக்கு மேல் இங்கிலாந்தில் ஏலம் போயிற்று. அரசர் ஏறி வந்த வண்டி என்ற பெருமை அதற்கு இல்லை. அதைப் போன்ற வண்டிகள் 53 லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டும் இருக்கின்றன. அப்படியிருக்க, அவ்வளவு பெரிய விலை எதற்காகக் கொடுக்கப்பட்டது? இந்த வினாவிற்கு விடை தேடினால், ஒரு வண்டியின் வரலாற்றோடு, ஒரு பொருளின் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதும் நமக்கு விளங்கும்.

அந்தக் காரின் பெயர் மினி. அதன் பிறப்புக்குக் காரணமாக அமைந்தது ஒரு கால்வாய். 1956-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எகிப்தின் தலைவர் நாசர், சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அவ்வாண்டின் இறுதியில் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின்மீது படையெடுத்தன, கால்வாய் அடைபட்டது. மேலை ஐரோப்பாவுக்கு எண்ணெய் வரும் வழி அடைபடவே, பிரிட்டனில் 1956 டிசம்பர் முதல் 1957 மே வரை பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. ஒரு காலன் பெட்ரோலில் எத்தனை மைல் ஓடும் என்பதே கார் வாங்குவோர் கேட்கும் முதற் கேள்வி ஆயிற்று.

அந்நாளில் ஜெர்மனியிலிருந்து முட்டை வடிவமான சின்னஞ்சிறு வண்டிகள் வந்து விற்பனையாயின. மக்கள் அவற்றைக் ‘குமிழிக் கார்’ என்று அழைத்தனர். போர் விமானங்கள் செய்து பெயர் பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலையும், போருக்குப் பின் இத்தகைய வண்டிகளைச் செய்து விற்றது. அவற்றில் எண்ணெய்ச் செலவு குறைவு. ஆனால் இருவர் நெருக்கி உட்காரலாம்; அதற்குமேல் இடம் இல்லை. ஆஸ்டின் நிறுவனமும் மாரிஸ் நிறுவனமும் 1952-இல் இணைந்து உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டுக்கு அந்த வண்டிகளைக் கண்டாலே ஆகாது. நால்வர் வசதியாக அமரக்கூடிய, முறையான ஒரு சிறிய காரைச் செய்து, குமிழிக் கார்களைத் தெருவிலிருந்தே விரட்டிவிட வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பணியை அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தார்.

இஸிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு, அன்று துருக்கிப் பேரரசில் இருந்த ஸ்மர்னா நகரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜெர்மானியர். 1922-இல் போரின் கொடுமையால் அக்குடும்பம் உடைமைகளை விட்டுவிட்டு அந்நகரிலிருந்து வெளியேறியது. தந்தை வழியிலேயே மால்டாத் தீவில் இறந்தார். தாயோடு இங்கிலாந்தை அடைந்த இளைஞர், லண்டனில் பாட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் பொறியியல் பயின்றார். கணிதத் தேர்வில் மும்முறை தவறினார் என்பதை இங்குள்ள மாணவர்கள் கவனிக்கலாம். ஆனால் அதைத் தமக்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டுவதில்லை. கணக்கில் இருந்த குறையை அவர் வரைதலில் இருந்த திறமையால் ஈடு செய்தார். மனத்தில் தோன்றியதை அப்போதே கையால் வரைந்து காட்டுவார். அந்தப் படங்களைத் தொழிற்சாலைக்கு வேண்டிய அளவுப் படங்களாக மாற்றியவர், அவருடன் நெடுநாள் பணியாற்றிய ஜாக் டேனியல்ஸ். 1948-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற மாரிஸ் மைனர் காரும் இஸிகோனிஸின் படைப்பே.

அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் கடுமையானவை. வண்டி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். நால்வரும் அவர்கள் சாமான்களும் அதில் அடங்க வேண்டும். எஞ்சின் மட்டும் நிறுவனத்தில் ஏற்கெனவே செய்யப்பட்டு வரும் எஞ்சினாகவே இருக்க வேண்டும். நீளம் 10 அடி என்று இஸிகோனிஸ் வரையறுத்துக்கொண்டார். அந்தப் பத்தடியில் மனிதருக்கு எவ்வளவு, இயந்திரத்திற்கு எவ்வளவு என்பதே அவர் முன் நின்ற சிக்கல்.

அந்நாளைய கார்களின் பொதுவான அமைப்பை நினைவில் கொண்டால்தான் இச்சிக்கலின் அருமை தெரியும். முன்புறத்தில் எஞ்சின் நெடுக்காக இருக்கும். அதன் பின்னால் கியர்ப் பெட்டி. அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். அந்தத் தண்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வண்டியின் தளம் நடுவில் மேடிட்டிருக்கும். இவ்வாறு இயந்திரம் தனக்கென்று பெரும்பகுதி இடத்தை எடுத்துக்கொண்ட பிறகே மனிதருக்கு இடம் கிடைக்கும். வண்டியைச் சிறியதாக்க முனைந்தவர்கள், பெரிய காரை எல்லாப் பக்கமும் சுருக்கினார்கள். உள்ளே இருப்பவரும் சேர்ந்து சுருங்க நேரிட்டது.

இஸிகோனிஸ் எஞ்சினைத் திருப்பிக் குறுக்காக வைத்தார். முன்சக்கரங்களையே எஞ்சின் சுழற்றுமாறு செய்தார். அதனால் வண்டியின் அடியில் ஓடும் நீண்ட தண்டு வேண்டாததாயிற்று. இவ்விரண்டும் அவரே முதலில் கண்டவை என்று சொல்வது பொருந்தாது. ஜெர்மனியின் டி.கே.வி. நிறுவனம் 1930-களிலேயே இரண்டு சிலிண்டர்கள் கொண்ட சிறிய எஞ்சினைக் குறுக்காக அமைத்து முன்சக்கரங்களை ஓட்டியிருந்தது. ஆனால் இஸிகோனிஸிடம் கொடுக்கப்பட்டதோ நான்கு சிலிண்டர்கள் கொண்ட நீளமான எஞ்சின். அதைக் குறுக்காக வைத்தால், கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் இல்லை. பக்கத்தில் இடம் இல்லையென்றால் கீழே வைக்கலாமே என்று எண்ணினார். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி ஒன்று உண்டு. கியர்ப் பெட்டியை அந்தத் தொட்டிக்குள்ளேயே அமைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். மாடியில் எஞ்சின், கீழ்வீட்டில் கியர் என்று சொல்லலாம். இந்த ஓர் ஏற்பாட்டால், தளப் பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மனிதருக்கும் சாமானுக்கும் கிடைத்தது.

மற்ற உறுப்புகளும் இந்தக் கணக்கிற்கே கட்டுப்பட்டன. பெரிய சக்கரம் வண்டிக்குள் பெரிய வளைவாகப் புடைத்து இடத்தைப் பறிக்கும். ஆகவே சக்கரத்தின் விட்டம் 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. அதற்கென்றே டன்லப் நிறுவனம் புதிய டயர்களைச் செய்து கொடுத்தது. இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாக, அலெக்ஸ் மௌல்டன் வகுத்த ரப்பர்க் கூம்புகள் வண்டியைத் தாங்கின. இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் எடையே 600 கிலோ அளவுதான். அதில் நால்வர் ஏறினால் எடை பாதிக்குப் பாதி கூடிவிடும். ரப்பரோ அழுத்த அழுத்த மேலும் கடினமாகும் இயல்புடையது. எனவே ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் வண்டி அமிழ்ந்துவிடாமல் ஓடியது.

உள்ளேயும் அதே சிக்கனம். கதவுக் கண்ணாடியை இறக்கி ஏற்றும் பொறி கதவின் உட்புறத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், கண்ணாடி பக்கவாட்டில் நகரும்படி அமைக்கப்பட்டது. அதனால் மிஞ்சிய கதவின் உள்ளிடம் ஒரு பெரிய பையாக மாறிற்று. கதவைத் திறக்க உட்புறத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. கதவின் கீல்கள் வெளியே தெரிந்தன. தகடுகளைப் பற்றவைத்த விளிம்புகள் வெளிப்புறமாகத் துருத்திக்கொண்டு நின்றன. பற்றவைப்பு எளிதாக வேண்டும், செலவு குறைய வேண்டும் என்பதே காரணம். ஓட்டுநர் முன்னால் பல முள்கள் கொண்ட பலகை இல்லை. நடுவில் ஒரே வட்டத்தில் வேகமானி இருந்தது. பின்புறப் பெட்டியின் மூடி கீழ்நோக்கித் திறந்து பலகைபோல் நிற்கும். மிகுதியான சாமானை அதன்மேல் வைத்துக் கட்டலாம். அப்போது வண்டி எண் மறையாமல் இருக்க, எண் தகடு ஒரு கீலில் தொங்கித் தெருவைப் பார்க்கும். இவை அழகுக்காகச் செய்தவை அல்ல. ஆயினும் இவற்றை நினைவில் கொள்ளுங்கள். பின்னாளில் விலையை உயர்த்தியவை இவையே.

முதலில் செய்து பார்த்த வண்டி 948 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் மணிக்கு 90 மைலுக்கு மேல் பறந்தது. குடும்பத்தார் ஓட்டும் வண்டிக்கு இவ்வேகம் மிகை என்று கருதி எஞ்சினை 848 கன சென்டிமீட்டராகக் குறைத்தனர். 34 குதிரைத்திறனும் ஏறத்தாழ 72 மைல் வேகமும் நிலைத்தன. 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் கார் வெளியிடப்பட்டது. ஒரே வண்டிக்கு ஆஸ்டின் செவன் என்றும் மாரிஸ் மினி-மைனர் என்றும் இரண்டு பெயர்கள். விலை, வரியுடன் சேர்த்து 496 பவுன் 19 ஷில்லிங் 2 பென்ஸ். போட்டியாளரான ஃபோர்டு நிறுவனத்தார் ஒரு வண்டியை வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்துக் கணக்கிட்டு, இந்த விலைக்கு விற்றால் நட்டமே வரும் என்று கண்டனர் என்பது மோட்டார் வரலாற்றில் பலரும் குறிப்பிடும் செய்தி.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினர். இவ்வளவு சிறிய சக்கரம் தாங்குமா என்று ஐயுற்றனர். முதல் வண்டிகளில் மழைநீர் தளத்தின் இணைப்பு வழியாக உள்ளே புகுந்து, கால்விரிப்பை நனைத்த குறையும் உண்டு. குறை திருத்தப்பட்டது, தயக்கமும் நீங்கியது. நெருக்கடி மிகுந்த நகரத் தெருக்களில் இது புகுந்து புறப்படும் திறமையைக் கண்டு, வசதியுள்ளோரும் வாங்கத் தொடங்கினர். பீட்டில்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் ஆளுக்கொரு மினி வைத்திருந்தனர். ஏழைக்கென்று நெய்த கைத்தறித் துணியைச் செல்வர் விரும்பி உடுத்துவது போன்ற நிகழ்ச்சி இது.

பந்தய வண்டிகள் செய்வதில் வல்லவரான ஜான் கூப்பர் இதன் ஆற்றலை வேறு வகையில் கண்டார். நான்கு மூலைகளிலும் சக்கரம், தாழ்ந்த உடல், முன்சக்கரம் இழுக்கும் வலிமை. வளைவுகளில் இது தரையைப் பற்றிக்கொண்டு ஓடியது. 1961-இல் மினி கூப்பரும், 1963-இல் அதனினும் வலிய கூப்பர் எஸ் வண்டியும் வந்தன. பனி மூடிய மலைப்பாதைகளில் நடக்கும் மாண்டே கார்லோப் போட்டியில் 1964-இல் பாடி ஹாப்கர்க்கும், 1965-இல் டீமோ மாக்கினனும், 1967-இல் ரௌனோ ஆல்ட்டோனனும் மினியை ஓட்டி வென்றனர். 1966-இல் முதல் மூன்று இடங்களிலும் மினியே வந்தது. ஆனால் முன்விளக்குகள் விதிப்படி இல்லையென்று நடுவர்கள் அவற்றை நீக்கிவிட்டனர். அவ்வாண்டுப் போட்டியில் பரிசு பெற்றவரைவிடப் பரிசு மறுக்கப்பட்ட மினியையே உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

1969-இல் இஸிகோனிஸுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே மினியின் கீல்கள் கதவுக்குள் மறைந்தன. கண்ணாடிகள் மேலும் கீழும் இயங்கின. பழைய பெயர்களும் போயின. நிறுவனத்தின் உரிமை பல கைகள் மாறியும் வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடைசி வண்டி 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. மொத்தம் 53,87,862 வண்டிகள் என்பது கணக்கு. இஸிகோனிஸ் அதைக் காணவில்லை, 1988-இலேயே காலமானார்.

53 லட்சம் வண்டிகள் இருந்தால் அது எப்படி அரும்பொருள் ஆகும்? இங்கேதான் வரலாறு ஒரு புதிர் போடுகிறது. விலை மலிந்த பொருளை எவரும் பாதுகாப்பதில்லை. மினியின் மெல்லிய தகட்டை ஈரமும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அரித்தன. துருப்பிடித்தால் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்ததும் தூக்கி எறிந்தார்கள். தப்பிய வண்டிகளையும் இளைஞர்கள் விடவில்லை. பெரிய எஞ்சினும் அகன்ற சக்கரமும் பூட்டி, கண்ணாடியையும் கதவையும் மாற்றித் தம் விருப்பம்போல் ஆக்கிக்கொண்டார்கள். இவ்வாறாக, 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமே நிற்கும் மினி கிடைப்பது அரிதாயிற்று. செல்வர் வீட்டு வண்டி மூடிய கொட்டிலில் பிழைத்திருக்க, ஊரெல்லாம் ஓடிய வண்டி அழிந்துபோயிற்று.

ஆகவே பழைய மினியைத் தேடுவோர் பார்ப்பது பளபளப்பை அன்று. வெளியே தெரியும் கீல் இருக்கிறதா, நகரும் கண்ணாடி இருக்கிறதா, கதவில் கயிறு இருக்கிறதா, எண் தகடு கீலில் தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சிக்கனத்தின் அடையாளமாக இருந்தவை உண்மையின் அடையாளமாக மாறிவிட்டன. 1959 முதல் 1967 வரை செய்யப்பட்ட முதல் வரிசை வண்டிகளுக்கே தனி மதிப்பு. கூப்பர் எஸ் வண்டிகளின் விலை இன்னும் உயர்வு. விலை உயர்ந்த இடத்தில் போலியும் தோன்றுவது இயல்பல்லவா? சாதாரண மினிக்குக் கூப்பரின் உறுப்புகளைப் பூட்டி விற்போர் உண்டு. எனவே வண்டியில் பொறித்த எண்ணைத் தொழிற்சாலைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சான்று தரும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கல்வெட்டைப் படித்துக் காலம் சொல்லும் ஆராய்ச்சியாளரின் வேலைதான் இதுவும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய மினிக்கு வேண்டிய முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கும் நிறுவனம் இங்கிலாந்தில் இருக்கிறது. உடல் புதிது, எஞ்சின் மாற்றியது, இருக்கை புதிது என்றால் எஞ்சியிருப்பது என்ன? கோயில் தேருக்கு நாம் சக்கரம் மாற்றுகிறோம், மரமும் மாற்றுகிறோம், ஆயினும் அதே தேர் என்கிறோம். ஏனெனில் தேர் வீதியில் ஓட வேண்டும். ஓடும்வரை அது உயிருள்ள பொருள். பழைய காரை ஓட்டி மகிழ விரும்புவோர் இவ்வழியையே பின்பற்றுகின்றனர்; அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் ஓலைச்சுவடியை அப்படி மாற்ற முடியாது. புதிய ஏட்டில் எழுதினால் அது படி ஆகுமே தவிர மூலம் ஆகாது. ஒரு பொருளை ஓடும் தேராகக் கருதுவதா, காக்க வேண்டிய சுவடியாகக் கருதுவதா என்பதே பழங்கார் சேர்ப்போர் ஒவ்வொருவரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு.

முதலில் கேட்ட வினாவிற்கு இப்போது விடை சொல்லலாம். 2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் நடந்த ஏலத்தில், உற்பத்தி வரிசையில் எட்டாவதாக வெளிவந்த 1959-ஆம் ஆண்டு ஆஸ்டின் வண்டி ஒன்று 40,250 பவுனுக்கு விலைபோயிற்று. தொடக்க விலையைப் போல் 80 மடங்குக்கு மேல். அதன் சிறப்பு, அதை எவரும் திருத்தாமல் விட்டதுதான். இஸிகோனிஸும் அவருடைய தோழர்களும் எண்ணியது எதுவோ, அது பிறர் கைபடாமல் அந்தத் தகட்டில் எழுதப்பட்டிருந்தது. வாங்கியவர் விலை கொடுத்தது அந்த எழுத்துக்கே. முதல் மாரிஸ் மினி-மைனரோ விற்பனைக்கே வராமல், இங்கிலாந்தின் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் காட்சிசாலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த எண்ணம் காட்சிசாலையோடு நின்றுவிடவும் இல்லை. கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியில் வைக்கும் முறை பின்னர்ப் பரவவில்லை. இத்தாலியில் டாண்டே ஜியகோஸா 1964-இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற காரில் கியர்ப் பெட்டியை எஞ்சினின் ஓரத்திலேயே அமைத்துக் காட்டினார். உலகம் அவ்வழியை ஏற்றது. ஆனால் குறுக்கே எஞ்சின், முன்சக்கர ஓட்டம், எஞ்சிய இடமெல்லாம் மனிதருக்கு என்ற அடிப்படையைச் சிறிய கார்களின் பொது இலக்கணமாக்கியது மினியே. 1983 முதல் நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதற் காராக விளங்கிய மாருதி 800-உம் இந்த இலக்கணத்திற்கு உட்பட்டதே. அதற்கு முன் நம் சாலைகளில் அரசோச்சிய அம்பாசிடர், மினியைச் செய்த அதே நிறுவனத்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவியது. அதில் எஞ்சின் நெடுக்காகவே இருந்தது. இவ்விரு வண்டிகளின் மூடியையும் திறந்து பார்க்கும் மாணவர், இரண்டு காலங்களை அடுத்தடுத்துக் காணலாம்.

இந்த வரலாற்றிலிருந்து கற்க வேண்டிய பாடம், பழைய காரை வாங்கி வைத்தால் இலாபம் வரும் என்பது அன்று. அப்படி எண்ணி வாங்கியவர்களில் துருவை மட்டுமே சேர்த்தவர்கள் உண்டு. அரண்மனைப் பொருளைக் காக்க ஆள் இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருளைக் காக்க ஆள் இல்லை; எங்கும் இருக்கிறதே என்ற எண்ணத்தால் அது எங்கும் இல்லாமல் போகிறது. ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குச் சிக்கனம் பிடித்தார்கள், எந்த இடர்ப்பாட்டை எந்த அறிவால் வென்றார்கள் என்பதை அத்தகைய பொருளே மிகத் தெளிவாகச் சொல்லும். பத்தடி நீளத்தில் அடங்கிய அந்த வண்டி, சூயஸ் நெருக்கடியின் துன்பத்தையும், நாடிழந்து வந்த ஓர் இளைஞரின் மதிநுட்பத்தையும் தன் மெல்லிய தகட்டில் சுமந்து நிற்கிறது. நம் வீட்டு மூலையில் கிடக்கும் பழம்பொருள் எதையேனும் எடைக்குப் போடுமுன், அது எந்தக் காலத்தின் எந்தத் தேவைக்கு விடையாகப் பிறந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நலம்.